குருவிச் சட்டி: வைத்தால் மட்டும் போதுமா?



சென்ற கோடையில் நம் அறக்கட்டளை சார்பில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க வீட்டுக்கு ஒரு மண்சட்டி கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்பு வைத்து வழங்கினோம். புகைப்படம் எடுத்து இந்த மடலிலும் போட்டோம். ஒவ்வொரு சட்டியின் வெளிப்புறத்திலும் அறக்கட்டளையின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தோம். பிள்ளைகள் அதற்குக் "குருவிச் சட்டி" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரம் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. டெங்கு தடுப்புப் பணிக்கு வந்தவர்கள் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு, அபராதம் கட்டச் சொல்கிறார்கள் என்றார்கள். நான் போனபோது, வந்திருந்த சகோதரி நம் சட்டியைத்தான் கையில் வைத்திருந்தார். கொஞ்சம் தண்ணீரை வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் ஊற்றிக் காட்டினார். நெளிந்து நெளிந்து நீந்தின கொசுப்புழுக்கள். "பாய், நல்ல காரியத்துக்குத்தான் வச்சிருக்கீங்க. ஆனா வச்சதோட விட்டுட்டீங்களே" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. அபராதத்தை அந்த வீட்டார் மீது போடுவது நியாயமில்லை என்று நிர்வாகிகளே சேர்ந்து கட்டினோம்.

அன்று மாலையே அந்தத் தெரு முழுக்கச் சட்டிகளைப் பார்த்து வந்தேன். சில காய்ந்து கிடந்தன. ஒன்றில் மல்லிகைச் செடி. ஒன்றில் கோழிக்குத் தீவனம். இரண்டில் பாசி. குற்றம் வீட்டுக்காரர்களுடையது அல்ல. சட்டியைக் கொடுத்த நாங்கள் அதை எப்படி வைப்பது, எப்படிக் கழுவுவது, எதற்காகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் சட்டி பளிச்சென்று இருந்தது. அந்த வீட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உயிருள்ள எதற்கும் உதவினால் கூலி

தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த ஒரு நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீரை மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு மேலேறி வந்து புகட்டிய மனிதரின் வரலாறு நமக்கெல்லாம் தெரியும். அல்லாஹ் அவருடைய பாவத்தை மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, பிராணிகள் விஷயத்திலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று தோழர்கள் கேட்டார்கள். உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் கூலி உண்டு என்பதே பதிலின் கருத்து. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து ஒரு பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதகா என்ற செய்தியும் அவ்விரு நூல்களிலும் உண்டு.

இவற்றை ஜும்ஆ பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் இவற்றோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது, குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படுவது. இதுவும் புகாரி, முஸ்லிமில் உள்ளது. மற்றொன்று, பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்ற பொதுவிதி. பறவைக்குத் தண்ணீர் வைப்பது நஃபிலான காரியம். அந்தத் தண்ணீரில் கொசு வளர்ந்து அண்டை வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் படுத்தால், நாம் நன்மையை நாடித்தான் வைத்தோம் என்ற பேச்சு எடுபடாது. நல்ல எண்ணம் இருந்தால் போதும், செய்யும் முறையைக் கற்க வேண்டியதில்லை என்று மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. தொழுகைக்கு நிய்யத் இருந்தால் போதும், உளூவின் ஃபர்ளுகள் தெரிய வேண்டியதில்லை என்று நாம் சொல்வோமா?

பறவைக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் தேவை?

நமக்கு வெயிலில் வியர்க்கிறது. அந்த வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. சித்திரை வெயிலில் காகம் அலகைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூச்சு வழியாக ஈரத்தை வெளியேற்றித்தான் அது தன் உடம்பைக் குளிர்விக்கிறது. இப்படி வெளியேறும் ஈரத்தைத் தண்ணீர் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். உடல் சிறிதாக இருக்க இருக்க, அதற்கேற்ப ஈர இழப்பும் அதிகம். எனவே காகத்தைவிடச் சிட்டுக்குருவிக்குத்தான் அவசரம் கூடுதல்.

குடிப்பதற்கு மட்டுமல்ல, குளிப்பதற்கும் தண்ணீர் வேண்டும். சிறகில் தூசி படிந்தால் பறப்பது சிரமம். குளித்து முடித்த பறவை ஒரு கிளையில் போய் அமர்ந்து, வாலின் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு, ஒவ்வொரு இறகாகக் கோதிவிடும். தலையிலிருந்து வால் வரை முறைப்படி நடக்கும் வேலை அது. அவசர அவசரமாக உளூச் செய்துவிட்டு ஓடும் நாம் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முன்பெல்லாம் நம் ஊரில் கிணற்றடி இருந்தது. துவைக்கிற கல்லின் குழியில் தண்ணீர் தேங்கும். வாழைக்குப் போகும் வாய்க்கால் இருந்தது. இன்று கிணறு மூடியாகிவிட்டது, கொல்லையில் சிமெண்ட் போட்டாகிவிட்டது, தண்ணீர் முழுக்கக் குழாய்க்குள்ளும் மூடிய டேங்குக்குள்ளும் ஓடுகிறது. பறவைக்கு எட்டும் தண்ணீர் என்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சாக்கடைதான். நாம் வைக்கும் சட்டி அந்தக் கிணற்றடிக்குப் பதிலாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி வைப்பது?

சட்டி அகலமாக, ஆழமில்லாமல் இருக்க வேண்டும். ஓர் அடி அகலம் இருந்தால் நல்லது. தண்ணீரின் ஆழம் நடுவிலும்கூட 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஓரத்தில் அரை அங்குலம் போதும். சென்ற ஆண்டு நாங்கள் கொடுத்தது குழம்புச் சட்டி போல ஆழமானது. அதில் காகம் குடிக்கலாம், சிட்டுக்குருவி இறங்க முடியாது. அந்தச் சட்டியை வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு தட்டையான கல்லைப் போட்டு, அதன் மேற்பரப்பு நீருக்கு வெளியே தெரியும்படி வையுங்கள். குருவி அதில் நின்று குடிக்கும். தவறி விழும் அணில்குஞ்சுக்கும் ஏறி வர அதுவே வழி.

மண்சட்டிதான் சிறந்தது. அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாவதில்லை. எவர்சில்வர் தட்டு வெயிலில் சுடும். பிளாஸ்டிக் வழுக்கும். சட்டிக்குப் பெயிண்ட் அடித்தால் துளைகள் அடைபடும். ஆகவே இந்த ஆண்டுச் சட்டிகளில் அறக்கட்டளையின் பெயர் இருக்காது. சட்டிக்கும் அது நல்லது, எங்கள் நிய்யத்துக்கும் நல்லது.

இடம் முக்கியம். மதியத்தில் நிழல் விழும் இடமாகப் பாருங்கள். பூனை பதுங்கும் புதருக்கு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். நனைந்த சிறகோடு பறவையால் விரைந்து பறக்க முடியாது. சுற்றிலும் 6 முதல் 10 அடி வெட்டவெளி இருந்தால் பூனை வருவது அதற்குத் தெரியும். அதற்கப்பால் ஒரு முருங்கையோ மருதாணியோ இருந்தால் ஏறி அமர்ந்து சிறகு உலர்த்தும். தரையில் வைப்பதைவிட இடுப்பளவு உயரத்தில், ஒரு திண்டின் மேலோ கவிழ்த்த உரலின் மேலோ வைப்பது பாதுகாப்பு. மாடியில் வைப்பவர்கள் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்க வேண்டாம். காகம் தட்டினால் தெருவில் போகிறவர் தலையில் விழும்.

தண்ணீரில் சர்க்கரை, உப்பு, மருந்து எதுவும் கலக்காதீர்கள். வெறும் தண்ணீர் போதும்.

கொசு விஷயம்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, சட்டியின் உள்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. நீர் வற்றிக் காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். முட்டை பொரித்துப் புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் சுமார் 7 முதல் 10 நாட்கள் போதும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்கும். தினமும் தண்ணீரை மாற்றுகிறவர் வீட்டுச் சட்டியில் கொசு வளர வழியில்லை. ஆனால் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றுவது மட்டும் போதாது. தேங்காய் நாரால் உள்சுவரைச் சுற்றிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். தினமும் ஒரு தேய்ப்பு. வாரத்தில் ஒருநாள் நன்றாகத் தேய்த்து, கவிழ்த்து, வெயிலில் முழுதாகக் காயவிட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை காலை குளிக்கப் போகுமுன் சட்டியைத் தேய்த்து வைத்துவிட்டால் நாள் மறக்காது. சோப்பு, பினாயில் வேண்டாம்.

பறவைகளுக்குள்ளும் நோய் உண்டு. அசுத்தமான தண்ணீர் வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். புறாக்களுக்குத் தொண்டையில் புண் வரும் நோய் அப்படிப்பட்டது. சோர்ந்து, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பறவையைச் சட்டியருகில் கண்டால், இரண்டு வாரம் சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். இறந்த பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.

உம்ராவுக்கோ ஊருக்கோ போகிறீர்களா? சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள், அல்லது பக்கத்து வீட்டில் பொறுப்பு ஒப்படையுங்கள். கவிழ்த்து வைத்த சட்டியால் யாருக்கும் தீங்கில்லை. மறந்துவிட்ட சட்டியால்தான் தீங்கு.

யார் யார் வருவார்கள்?

இனி இதன் சுவையான பகுதிக்கு வருவோம். சட்டி வைத்த முதல் நாளே கூட்டம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நாட்கள் ஆகலாம். காகம்தான் முதலில் துணியும். காகம் குடித்துப் போவதைப் பார்த்து மற்றவை தைரியம் கொள்ளும். பிறகு கவனியுங்கள்.

புறா குடிக்கும் விதம் தனி. அலகைத் தண்ணீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். மைனாவும் குருவியும் அப்படியல்ல. ஒரு வாய் மொண்டு, தலையை வானத்தை நோக்கி உயர்த்தி, விழுங்கி, மறுபடி குனியும். ஒவ்வொரு மிடறுக்கும் தலை தூக்கி ஹம்து சொல்வது போலிருக்கிறது என்று எங்கள் மக்தப் பிள்ளை ஒருவன் சொன்னான். பறவைகள் அல்லாஹ்வைத் துதிக்கின்றன, ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்திருக்கிறது என்ற கருத்து அந்நூர் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் வருகிறது. அந்தத் தஸ்பீஹ் எது என்று நமக்குப் புரியாது. ஆனாலும் பிள்ளை பார்த்த பார்வை நல்ல பார்வை.

மைனா குளிப்பதில் கூச்சமில்லாதது. நடுவில் இறங்கி இரண்டு இறக்கையாலும் அடித்துச் சட்டியையே காலி செய்துவிடும். கொண்டைக்குருவி முதலில் துணி காயப்போடும் கம்பியில் உட்கார்ந்து நான்கு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். தவிட்டுக்குருவி தனியாக வருவதே இல்லை. ஆறேழு சேர்ந்துதான் வரும். சில குளிக்கும்போது சில மேலே காவல் இருக்கும். குளித்ததும் ஒன்றையொன்று நெருங்கி உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை மற்றொன்று கோதிவிடும். ஒரு கூட்டில் குஞ்சு பொரித்தால் அந்தக் கூட்டம் முழுதும் சேர்ந்து இரை ஊட்டும் இனம் அது. உங்களைப் போன்ற சமுதாயங்களே அவை என்று அல்அன்ஆம் 38ஆம் வசனம் சொல்வதன் பொருளை, தவிட்டுக்குருவிகளைப் பத்து நிமிடம் பார்த்தால் கண்ணாலேயே காணலாம்.

தேன்சிட்டு சட்டிக்குள் இறங்குவது அபூர்வம். செடிக்குத் தண்ணீர் தெளித்த பிறகு ஈர இலையில் புரண்டு குளித்துக்கொள்ளும். ஆகவே அருகில் உள்ள செடிக்கும் ஒரு கை தண்ணீர் தெளித்து வையுங்கள். சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத், நம் ஊர்க் கொண்டலாத்திதான். அது வந்தால் சட்டியைத் தேடாது. மண்ணில் புரண்டு தூசிக் குளியல் எடுப்பதுதான் அதன் வழக்கம். சிட்டுக்குருவிக்கும் நீர்க்குளியல், மண்குளியல் இரண்டும் பிடிக்கும். கொல்லை முழுவதும் சிமெண்ட் போடாமல் ஒரு முழம் வெறும் மண் விட்டு வைத்தால் அதுவும் ஓர் உபகாரம்.

காகத்தால் ஒரு தொல்லை உண்டு. காய்ந்த ரொட்டியையும் கறி எலும்பையும் கொண்டுவந்து தண்ணீரில் ஊறவைத்துத் தின்னும். கல்யாண நாட்களில் சட்டியில் பிரியாணி எலும்பு கிடக்கும். அது புத்திசாலிப் பறவை, கோபித்துப் பயனில்லை. அன்று கூடுதலாக ஒருமுறை கழுவ வேண்டியதுதான்.

சில நேரம் எல்லாச் சத்தமும் சட்டென்று நிற்கும். அணில் மட்டும் வாலை உதறிக் கத்தும். மேலே பாருங்கள், வல்லூறு வந்திருக்கும். அதுவும் அல்லாஹ்வின் படைப்பு, அதற்கும் ரிஸ்க் உண்டு. கல்லெறிய வேண்டாம்.

பார்ப்பதற்கு ஏற்ற நேரம் இரண்டு. சூரியன் உதித்து இஷ்ராக் தொழுது முடிக்கும் நேரம் ஒன்று. அஸருக்குப் பிறகு மஃரிப் நெருங்கும் வரை மற்றொன்று. ஜன்னலுக்குள் அசையாமல் உட்கார்ந்தால் போதும், கருவி எதுவும் தேவையில்லை. வாலிபப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: மாடியில் நின்று பைனாகுலர் பிடிக்காதீர்கள். பறவையைத்தான் பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், எதிர்வீட்டு முற்றத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

பார்ப்பதும் ஓர் இல்முதான்

பறவையைப் பார்ப்பது வேலையற்றவர் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளை. அவர் வைத்து விளையாடிய குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அந்தக் குருவியின் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள். ஒரு பிள்ளையின் குருவியை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைச் சிந்தியுங்கள். பயணத்தில் இரு குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதன் தவிப்பைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். இது அபூதாவூதில் உள்ளது. பார்த்ததால்தான் அந்தத் தவிப்பு தெரிந்தது.

நம் நாட்டில் பறவையியலுக்கு முகவரி கொடுத்தவர் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1896இல் பிறந்த டாக்டர் சாலிம் அலி. சிறு வயதில் ஏர்கன்னால் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கவனித்து, இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய ஆயுட்கால உழைப்புக்கு 1976இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரில் மத்திய அரசின் பறவை ஆய்வு மையம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை "இது என்ன குருவி?" என்று கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள்.

துருக்கியில் இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் உள்ள அயாஸ்மா பள்ளிவாசல் போன்ற பழைய கட்டடங்களின் வெளிச்சுவரில், பறவைகள் தங்குவதற்கென்றே சிறு மாளிகைகள் போலக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். பள்ளி கட்டும்போதே பறவைக்கும் இடம் ஒதுக்கிய முன்னோர் நமக்கு இருந்திருக்கிறார்கள்.

சிலர் கேட்ட கேள்விகள்

தண்ணீர்ப் பஞ்சத்தில் இது வீண்விரயம் இல்லையா? ஓரடி அகலச் சட்டிக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் அளவே ஆகும். குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும்போது அதைவிடக் கூடுதலாக வீணாகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததாக ஹதீஸ்களில் வருகிறது. அது ஏறக்குறைய முக்கால் லிட்டர். விரயத்தை நிறுத்த வேண்டிய இடம் குழாயடி.

உளூச் செய்த தண்ணீரைப் பறவைக்கு வைக்கலாமா? உளூவில் பயன்பட்ட நீரால் மறுபடி உளூச் செய்ய முடியாதே தவிர, அது அசுத்தமானதல்ல. சோப்பு கலக்காமல், சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால் செடிக்கும் பறவைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பறவை எச்சமிட்டால்? ஷாஃபி மத்ஹபில் எச்சம் அசுத்தம். ஹனஃபி மத்ஹபில் புறா, குருவி போன்ற உண்ண ஆகுமான பறவைகளின் எச்சம் அப்படிக் கருதப்படுவதில்லை. எதுவானாலும் பறவைச் சட்டியை உளூச் செய்யும் இடத்துக்கும் துணி காயும் கொடிக்கும் விலக்கி வைப்பது பேணுதல். கூடுதல் விளக்கத்துக்கு நம் இமாம் அவர்களைக் கேளுங்கள்.

மவ்த்தானவர்களின் ஆன்மா பறவையாக வரும் என்பார்களே? அது நம் அகீதா அல்ல. நாம் வைப்பது தாகித்த உயிருக்கு. அதே நேரம், அதன் நன்மை மவ்த்தான பெற்றோருக்குச் சேரட்டும் என்று நிய்யத் வைப்பதில் தடையில்லை. தாயாரின் பேரில் எந்த தர்மம் சிறந்தது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) கேட்டபோது, தண்ணீர் என்று பதில் கிடைத்ததாக அபூதாவூதில் உள்ளது.

கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கிறோமே? பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை. அதைப் பிடித்துக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். சட்டி வைத்துப் பாருங்கள், மரத்திலிருந்து அதுவாகவே இறங்கி வரும்.

அந்த ஒரு வீடு

சட்டி பளிச்சென்று இருந்த வீடு, சென்ற ஆண்டு கணவரை இழந்த ஒரு மாமியுடையது. இத்தாவில் இருந்தார். ஆறுதல் சொல்லப் போன பெண்களிடமும் அதிகம் பேசாமல், சாப்பாட்டை ஒதுக்கிக்கொண்டு, அடுக்களை ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தாராம். அந்த ஜன்னலுக்கு நேரே கொல்லையில் பேரன் வாங்கி வந்த குருவிச் சட்டி. ஒருநாள் அது காய்ந்து கிடக்க, ஒரு தவிட்டுக்குருவி வெறும் சட்டியைக் கொத்திவிட்டுப் போயிருக்கிறது. அன்று எழுந்து தண்ணீர் ஊற்றினார். மறுநாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் தேய்த்துக் கழுவி ஊற்றினார். பிறகு ஒருநாளும் விடவில்லை.

இத்தா முடிந்த பிறகு என் வீட்டாரிடம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாலு மாசம் பத்து நாளும் இந்த வாசப்படி தாண்டல. ஆளுங்க வந்தாங்க, அழுதாங்க, போனாங்க. அவங்களுக்கும் வேல இருக்கும்லா. நேரம் தப்பாம தெனமும் வந்தது இதுங்கதான். தண்ணி வைக்கணுமேன்னுதான் ஃபஜ்ருக்கு அப்பறம் படுக்காம இருந்தேன். அவங்க பேரச் சொல்லித்தான் ஊத்துவேன்."

நாங்கள் பறவைக்குத் தண்ணீர் என்று கொடுத்த சட்டி, அந்த வீட்டில் ஒரு மனுஷியை ஒவ்வொரு காலையும் எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. காலையில் வயிறு ஒட்டிப் புறப்பட்டு மாலையில் நிறைந்து திரும்பும் பறவைகளை எடுத்துக்காட்டி நபி (ஸல்) அவர்கள் தவக்குலைக் கற்பித்ததாகத் திர்மிதியில் வருகிறது. மாமி அதைக் கிதாபில் படிக்கவில்லை, ஜன்னலில் பார்த்தார்.

இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம்?

அகலமான, ஆழம் குறைந்த சட்டிகளுக்குச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு சட்டியோடும் ஒரு தட்டைக் கல்லும் ஒரு பிடி தேங்காய் நாரும் தருவோம். தினமும் தேய்க்க முடியும் என்பவர்கள் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதில் வெட்கமில்லை, சென்ற ஆண்டுச் சட்டியைத் திருப்பித் தந்தாலும் பெற்றுக்கொள்வோம். மக்தப் பிள்ளைகள் இருவர் இருவராக வாரம் ஒருமுறை சட்டிகளைப் பார்த்து வருவார்கள். புழு இருந்தால் அவர்களே கொட்டித் தேய்த்துவிடுவார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினத்தன்று, தங்கள் சட்டிக்கு வந்த பறவைகளை எழுதி வரும் பிள்ளைகளுக்கு மக்தபில் சிறு பரிசு உண்டு.

புகைப்படம் எடுக்க மாட்டோம்.

சிறியதாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நஸீபாக்குவானாக. நம் சட்டிகளால் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்